ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வருமானத்துக்கு வரி உண்டா?

கேட்டவர் சேலத்தில் தனியார் நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர். ஏற்காட்டில் அப்பாவின் காப்பித் தோட்டம் இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. "விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாது என்று ஊரே சொல்கிறது. ஆடிட்டர் மட்டும் ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும், அதனால் வரியும் கூடும் என்கிறார். யார் சொல்வது சரி? விவசாயத்துக்கு மட்டும் இந்தச் சலுகை எப்படி வந்தது?" இதுதான் கேள்வி.

ஆடிட்டர் சொல்வது சரி. ஊர் சொல்வதும் பொய் இல்லை, பாதியோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு விவசாய வருமானத்துக்கு விலக்கு கொடுத்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த விலக்கை எடுக்கவில்லை. ஆனால் எது விவசாய வருமானம், அது எந்த இடத்தில் வியாபார வருமானமாக மாறுகிறது, உங்கள் சம்பளத்தோடு சேரும்போது என்ன ஆகிறது என்பதெல்லாம் விலக்கின் அடுத்த பாதி. காப்பி வைத்திருப்பவர்களுக்கு அந்த அடுத்த பாதிதான் முக்கியம்.

சலுகை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் மற்ற விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது விளங்கும். அதுவும் இந்தக் கதை நம் சேலத்தில் தொடங்குகிறது.

விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு என்பது பழைய கணக்கு. நடப்பில் வாங்கியது ஆட்சிக்கு ஆட்சி ஏறி இறங்கியது. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்) சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நிர்வாகம் பார்க்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக மன்றோ, கிரஹாம், மக்லியோட் என்று மூன்று பேர். எல்லோரும் பட்டாளத்து ஆட்கள். இவர்கள் நிலத்தை அளந்து, ஒவ்வொரு வயலுக்கும் ரூபாயில் தீர்வை, அதாவது நிலவரி, கட்டி, இடையில் ஆள் இல்லாமல் உழவனிடமே நேராக வாங்கப் பார்த்தார்கள். பின்னாளில் ரயத்துவாரி என்று சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய முறைக்கு இங்கேதான் ஒத்திகை நடந்தது.

ஒத்திகை நேர்க்கோட்டில் போகவில்லை. வங்காளத்தில் செய்தது போல நிரந்தரமாக ஒரு தொகையை நிர்ணயித்து ஜமீன்களிடம் விட்டுவிடலாம் என்று மேலிடம் முடிவெடுத்தது. 1802ஐ ஒட்டி சேலம் வட்டாரத்தை மிட்டா மிட்டாவாக, அதாவது சின்னச் சின்ன ஜமீன்களாக, பிரித்து விற்றார்கள். தீர்வை அதிகம், மழை குறைவு. பல மிட்டாதார்களால் தவணை கட்ட முடியாமல் மிட்டாக்கள் திரும்ப அரசிடமே வந்தன. மன்றோ 1820இல் சென்னை கவர்னராக வந்த பிறகு ரயத்துவாரி மறுபடி நிலைபெற்றது. மிச்சமிருந்த மிட்டாக்களுக்கு 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் முடிவு கட்டியது. (ஏற்காட்டை 1842இல் மன்றோ கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் குறிப்புகளில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். மனுஷன் 1827இலேயே காலராவில் போய்ச் சேர்ந்துவிட்டார்.)

ரயத்துவாரியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது வருமானத்தின் மேல் போட்ட வரி அல்ல. இந்த மண்ணில் இவ்வளவு விளையும், அதில் சாகுபடிச் செலவு இவ்வளவு போகும் என்று முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டு, மிஞ்சுவதில் பாதி வரைக்கும் அரசுக்கு என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வரையறுத்தார்கள். முப்பது வருஷத்துக்கு ஒரு முறை மறு நிர்ணயம். உங்களுக்கு நிஜத்தில் விளைந்ததா இல்லையா என்பது ஜமாபந்தி என்ற வருஷாந்தர நிலவரிக் கணக்குப் பார்வையில் வஜா, அதாவது தள்ளுபடி, கேட்கும்போதுதான் பேச்சுக்கு வரும். நல்ல வருஷத்தில் சமாளிக்கலாம். 1876 முதல் 78 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் இந்த ஏற்பாடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1871 கணக்கெடுப்பைவிட 1881 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்துபோனது.

இதற்கு நடுவில்தான் வருமான வரி வந்தது. 1857 கலகத்தை அடக்கியதில் கஜானா காலி. அதை நிரப்ப லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை அனுப்பினார்கள். 1860 ஜூலையில் அவர் கொண்டுவந்த வரியில் விவசாய வருமானமும் சேர்த்திதான், விலக்கெல்லாம் இல்லை. இதை வெளிப்படையாக எதிர்த்தவர் யார் தெரியுமா? சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன். தன் மறுப்புக் குறிப்பைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார். அதற்காக அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வில்சன் சட்டம் வந்த சில வாரங்களிலேயே கல்கத்தாவில் இறந்துபோனார். கொஞ்ச காலம் கழித்து அதே டிரெவெலியன் இந்தியாவின் நிதிப் பொறுப்புக்கே வந்து சேர்ந்தார், 1865இல் வரியும் காலாவதி ஆனது.

அப்புறம் வேறு வேறு பெயரில் வரி வந்து வந்து போனது. 1886ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வருமான வரி நிலையாக உட்கார்ந்தது. அதில் விவசாய வருமானத்தை வெளியே விட்டார்கள். சொன்ன காரணம் எளிது: நிலம் ஏற்கெனவே தீர்வை கட்டுகிறது, பஞ்சத்துக்குப் பிறகு சில மாகாணங்களில் நிலத்தின் மேல் கூடுதல் வரியும் போட்டாகிவிட்டது, அதே விளைச்சலுக்கு இன்னொரு வரி எதற்கு? இதற்குள் ஒரு அரசியலும் இருந்தது என்பது என் கருத்து. பெரிய நிலக்காரர்களைப் பகைத்துக்கொள்ள அன்றைய அரசுக்கு மனமில்லை. வரிகளைப் பற்றி விசாரிக்க 1924இல் அமைத்த டாட்ஹன்டர் குழு, இந்த விலக்குக்கு வரலாற்று நியாயமும் இல்லை, கோட்பாட்டு நியாயமும் இல்லை என்று எழுதியே கொடுத்தது. யாரும் கேட்கவில்லை.

1935 இந்திய அரசுச் சட்டம் விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்தது. பீகார் 1938இல் முதலில் போட்டது. நம் அரசியல் சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 82ஆவது பதிவு "விவசாய வருமானம் தவிர்த்த வருமானத்துக்கு" வரி என்கிறது. மாநிலப் பட்டியலின் 46ஆவது பதிவில் விவசாய வருமானம் இருக்கிறது. அதனால் டெல்லி நினைத்தாலும் அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் உங்கள் தோட்டத்து வருமானத்தின் மேல் நேராக வரி போட முடியாது. 2017 ஏப்ரலில் நிதி ஆயோக் உறுப்பினர் விவேக் தேவ்ராய் ஒரு வரம்புக்கு மேல் போடலாமே என்று சொன்னதும், மறுநாளே நிதியமைச்சர் அருண் ஜெட்லி அப்படி எந்த எண்ணமும் இல்லை, அதிகாரமும் இல்லை என்று மறுத்தது இதனால்தான்.

சரி, மாநிலம் போடலாம் அல்லவா? போட்டது. 1955இல் சென்னை மாநிலம் தோட்டப் பயிர்களுக்கு என்றே விவசாய வருமான வரிச் சட்டம் கொண்டுவந்தது. காப்பி, தேயிலை, ரப்பர், ஏலக்காய், சின்கோனா. ஏற்காட்டு எஸ்டேட்டுகள் நேராக அதற்குள் வந்தன. 1958இல் மற்றப் பயிர்களுக்கும் நீட்டினார்கள். சின்னத் தோட்டக்காரர்கள் கணக்கு எழுதாமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிடும் வசதியும் இருந்தது. பழைய தோட்டக்காரர்கள் சிலர் "அந்தக் காலத்தில் நாங்கள் வரி கட்டினோமே" என்று சொல்வது இதைத்தான். பிற்பாடு மாநில அரசு இந்த வரியைக் கைவிட்டது. இன்னொரு பக்கம் பழைய நிலவரி ஏக்கருக்குச் சில ரூபாய் என்று அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது, விலைவாசி எங்கோ போய்விட்டது. இன்றைக்குக் கிஸ்தி (நிலவரி) ரசீது பணத்துக்காக இல்லை, அனுபவத்துக்கு ஆதாரமாகத்தான் மதிப்புப் பெறுகிறது.

ஆக, நிலவரி இருக்கிறது என்பதால் பிறந்த விலக்கு, நிலவரி தேய்ந்து போன பிறகும் உயிரோடு இருக்கிறது. இதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தவர் என்று சேலம் கலெக்டராக 1820களில் இருந்த காக்பர்னைச் சொல்வார்கள். வெகுகாலம் தோட்டக்காரருக்கு விற்பனைத் தொல்லையே இல்லை. 1940களிலிருந்து எல்லாக் காப்பியும் காப்பி வாரியத்தின் பூலுக்கு (பொதுத் தொகுப்புக்கு) போய்விடும், பணம் தவணையாக வரும். 1990களில் அந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முழுதாகப் போனது. அதன் பிறகு பழமாக விற்பதா, பார்ச்மென்டாக (தோல் நீக்கி உலர்த்திய, மேல் ஓடு போகாத கொட்டையாக) விற்பதா, க்யூரிங் செய்து (அந்த ஓட்டையும் நீக்கி) பருப்பாக விற்பதா, வறுத்து அரைத்துச் சொந்தப் பெயரில் பாக்கெட் போடுவதா என்பது தோட்டக்காரரின் முடிவாகிவிட்டது. வரிச் சட்டமும் சரியாக இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது.

பழத்தைப் பறித்து அப்படியே விற்றாலும், பல்பரில் (பழத்தோல் நீக்கும் இயந்திரத்தில்) போட்டுக் கழுவி உலர்த்திப் பார்ச்மென்டாக விற்றாலும், காய வைத்த செர்ரியாக விற்றாலும் முழுத்தொகையும் விவசாய வருமானம். க்யூரிங் செய்து விற்றால் லாபத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம், 75 சதவீதம் விவசாயம். வறுத்து அரைத்தால், சிக்கரி கலந்தாலும் கலக்காவிட்டாலும், 40 சதவீதம் வியாபாரம், 60 சதவீதம் விவசாயம். 1962 வருமான வரி விதிகளில் 7-பி என்ற விதி இது, 2002 முதல் அமலுக்கு வந்தது. தேயிலைக்கு 40-60, ரப்பருக்கு 35-65 என்று தனித்தனி விதிகள் உண்டு. பட்டுப்போன காப்பிச் செடிக்குப் பதிலாக மறுநடவு செய்யும் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்றும் அதே விதி சொல்கிறது. நிறையப் பேர் இதைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

இது தவிர, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு, ஊடே நிற்கும் ஆரஞ்சு, பலா எல்லாம் விவசாயமே. மிளகைப் பறித்துக் காய வைப்பது சந்தைக்குக் கொண்டுபோக எல்லா விவசாயியும் செய்யும் வேலை, அதனால் தன்மை மாறாது. மரம் விற்கும்போது மட்டும் ஜாக்கிரதை. 1957இல் ராஜா பினய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் இன்றும் நடப்பில் இருக்கிறது: உழுவது, நடுவது போன்ற அடிப்படை வேலை அந்த நிலத்தில் நடந்திருக்க வேண்டும். தானாக முளைத்துத் தானாக வளர்ந்த மரத்தை வெட்டி விற்ற பணம் இதில் தேறுவது கஷ்டம். நட்டு வளர்த்த நிழல் மரத்துக்கு நட்ட வருஷம், செலவு பற்றிய குறிப்பு கையில் இருக்கட்டும்.

ஏற்காட்டில் இப்போது தோட்டத்துக்கு நடுவில் ஹோம்ஸ்டே நடத்தாதவர் குறைவு. "விவசாய நிலத்தில் உள்ள வீடுதானே" என்ற வாதம் எடுபடாது. தோட்டத்துக் கட்டடத்தையோ நிலத்தையோ விவசாயம் அல்லாத காரியத்துக்கு வாடகைக்கு விட்டு வரும் பணம் விவசாய வருமானம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கக் குறிப்பு இருக்கிறது. சுற்றுலாக்காரர் தங்கினாலும், கல்யாண போட்டோ எடுக்க வந்தாலும், படப்பிடிப்பு நடந்தாலும் அதே கதைதான். மலையடிவாரத்துக்குக் கீழே வந்தால் மரவள்ளி. கிழங்காக விற்றால் விவசாயம். சொந்த மில்லில் ஜவ்வரிசி ஆக்கி விற்றால், கிழங்கின் சந்தை விலை வரை விவசாயம், அதற்கு மேல் மில்லின் லாபம் வியாபாரம். நாமக்கல் பக்கம் உறவினர் கோழிப் பண்ணை வைத்திருந்தால் அவருக்கும் சொல்லி வையுங்கள், முட்டை வருமானம் இந்தச் சட்டத்தின் கண்ணில் விவசாயம் இல்லை. மாடு, மீன் எல்லாம் அப்படித்தான்.

இனி ஆடிட்டர் "வரி கூடும்" என்று சொன்னது. 1972இல் விவசாய வரி பற்றி ஆராய்ந்த கே.என்.ராஜ் குழு ஒரு வழி சொன்னது. விவசாய வருமானத்தின் மேல் மத்திய அரசு வரி போடக் கூடாதுதான், ஆனால் மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் போடுவது என்று பார்க்கும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமே. 1973 நிதிச் சட்டம் இதை ஏற்றுக்கொண்டது. நிகர விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரியில்லா வரம்பைத் தாண்டினால் இது பொருந்தும். தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் உண்டு. கம்பெனிக்கும் பங்குதாரர் நிறுவனத்துக்கும் கிடையாது. அதாவது பெரிய எஸ்டேட் கம்பெனிக்கு இல்லாத இடைஞ்சல் உங்களுக்கு இருக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை, ஆனால் சட்டம் அதுதான்.

கணக்கைப் பார்ப்போம். நிலையான கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) போக உங்கள் சம்பளம் 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் க்யூரிங் செய்த காப்பி விற்று 8 லட்சம் லாபம். அதில் 25 சதவீதம், 2 லட்சம், வியாபார வருமானம். ஆக வரிக்குரியது 14 லட்சம், விவசாயம் 6 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய முறை விகிதப்படி, இரண்டையும் கூட்டி 20 லட்சத்துக்கு வரி போட்டால் 2,00,000 ரூபாய். இதிலிருந்து விவசாய வருமானம் 6 லட்சத்தோடு வரியில்லா வரம்பு 4 லட்சத்தைக் கூட்டி, அந்த 10 லட்சத்துக்கான வரியைக் கழிக்க வேண்டும். அது 40,000. மிச்சம் 1,60,000, அதன் மேல் 4 சதவீத செஸ். அந்த 6 லட்சத்தை விட்டுவிட்டு வெறும் 14 லட்சத்துக்குப் போட்டிருந்தால் 90,000தான் வந்திருக்கும். காப்பியின் மேல் வரி இல்லை என்று சொல்லிக்கொண்டே உங்கள் சம்பளத்தின் மேல் 70,000 ரூபாய் கூடிவிட்டது.

விவசாயத்தைக் காட்டாமல் விட்டால் என்ன என்று சிலர் யோசிக்கிறார்கள். வங்கியில் வரவு நிற்கும், அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். இதற்கு நேர் எதிராக, வேறு பணத்தை விவசாய வருமானம் என்று காட்டுவோரும் இருக்கிறார்கள். அவர்களால்தான் நிஜத் தோட்டக்காரரிடமும் அதிகாரிகள் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். ஆகவே சிட்டா, அடங்கல், காப்பி விற்ற பில், பறிப்புக் கூலி நோட்டு, உரம் வாங்கிய ரசீது எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டினால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் போட முடியாது. வியாபாரப் பங்கும் இருப்பதால் உங்களுக்கு ஐடிஆர்-3. நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று படிவத்திலேயே கேட்பார்கள்.

விவசாயி வரியே கட்டுவதில்லை என்ற பேச்சையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. பூச்சிமருந்துக்கு 18 சதவீதம், உரத்துக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி கொடுத்துத்தான் வாங்குகிறார். அதைத் திரும்ப எடுக்க அவருக்கு வழி கிடையாது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அப்படிப்பட்டவருக்கு விலக்கை எடுத்தாலும் வரி வராது. விலக்கால் நிஜமாக லாபம் அடைவது மேல்தட்டில் உள்ள கொஞ்சப் பேரும் கம்பெனிகளும்.

நிலத்தை விற்கும் யோசனை இருந்தால் ஒன்று. கிராமப்புற விவசாய நிலம் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகர எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால் அது கிராமப்புற நிலம் ஆகாது. எவ்வளவு தூரம் என்பது அந்த நகரத்தின் மக்கள்தொகையைப் பொறுத்தது. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சி 8 லட்சத்தைத் தாண்டியிருந்ததால் இங்கே 6 கிலோமீட்டர். ஆத்தூர், மேட்டூர் போன்ற நகராட்சிகளுக்கு 2 கிலோமீட்டர். அளப்பது வானில் நேர்க்கோடாக, ஏற்காட்டு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கணக்கில் வராது. அடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். அப்படி மாட்டினாலும், நீங்களோ உங்கள் பெற்றோரோ முந்தைய இரண்டு வருஷம் அதில் பயிர் செய்திருந்து, விற்ற இரண்டு வருஷத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், 1961 சட்டத்தில் 54-பி என்று இருந்த பிரிவின் சலுகையில் தப்பிக்கலாம்.

கடைசியாக, பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் இந்த வருஷமே வாரிசுச் சான்றிதழோடு மாற்றக் கொடுத்துவிடுங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு இருந்து, பாகம் பிரிக்காமல் நீங்கள் ஒருவரே பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், காப்பிப் பணம் முழுதும் உங்கள் கணக்கில் வரவானாலும் ரிட்டர்னில் காட்ட வேண்டியது உங்கள் பங்கு மட்டும்தான். அவர்களுக்கு அனுப்பும் தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.